தோலுக்கு டிகிரி தெரியாது

இரவு முழுக்க ஒரே அறையில் கிடந்த எவர்சில்வர் சொம்பையும் பக்கத்தில் சாத்தி வைத்த மனைப்பலகையையும் காலையில் தொட்டுப் பாருங்கள். சொம்பு சில்லென்று இருக்கும். பலகை அப்படி இருக்காது. ஆனால் வெப்பமானி வைத்தால் இரண்டும் ஒரே அளவைத்தான் காட்டும். அறை 28 டிகிரி என்றால் சொம்பும் 28, பலகையும் 28. அப்படியானால் கை சொல்வது பொய்யா? பொய்யில்லை. நாம் கேட்டது "எத்தனை டிகிரி?" என்று, கை பதில் சொல்வது "என்னிடமிருந்து எவ்வளவு வேகமாக வெப்பம் போகிறது?" என்ற கேள்விக்கு.

உடம்பின் உள்சூடு 37 டிகிரியை ஒட்டி நிற்கிறது. தோலின் சூடு அதைவிடக் குறைவு, சாதாரணமாக 32 முதல் 34 வரை. ஆகவே 28 டிகிரியில் இருக்கும் எதைத் தொட்டாலும் கையிலிருந்து வெப்பம் அதற்குள் இறங்கும். எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்பதில்தான் சொம்பும் பலகையும் பிரிகின்றன. எவர்சில்வர் மரத்தைவிடச் சுமார் 100 மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். விரல் பட்ட இடத்தில் வாங்கிய வெப்பத்தை அக்கம்பக்கத்துக்குத் தள்ளிவிட்டு மேலும் வாங்கிக்கொண்டே இருக்கும். மரத்தில் விரல் பட்ட இடம் மட்டும் சட்டென்று சூடேறி விரலின் சூட்டுக்குக் கிட்டே வந்துவிடும். அதற்குப் பிறகு அங்கே வெப்பம் மெதுவாகத்தான் நகரும். தோலில் உள்ள நரம்பு முனைகளுக்குத் தெரிவது இரண்டே விஷயம்: தாங்கள் இருக்கும் இடத்தின் சூடு, அது மாறும் வேகம். எதிரில் உள்ள பொருள் எத்தனை டிகிரி என்று தெரிந்துகொள்ள அவற்றுக்கு வழியே இல்லை.

சூடான பொருளுக்கும் இதே கணக்குத்தான், திசை மட்டும் தலைகீழ். மே மாதப் பகலில் கோயில் பிரகாரத்துக் கருங்கல் 50 டிகிரியைத் தாண்டிவிடும். பக்கத்தில் அதே வெயிலில் கிடக்கும் தேங்காய்நார் விரிப்பும் நன்றாகவே காய்ந்திருக்கும். ஆனாலும் சனம் கல்லைவிட்டு விரிப்புக்குத் தாவுகிறது. கல் தன் ஆழத்தில் சேர்த்து வைத்த வெப்பத்தையும் பாதத்துக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். நாரின் இடையிடையே காற்று இருப்பதால், மேலே இருக்கும் கொஞ்சச் சூட்டைக் கொடுத்துவிட்டு விரிப்பு ஓய்ந்துவிடும். இப்போது பல கோயில்களில் கல்லின்மேல் வெள்ளைப் பூச்சு அடித்துப் பாதை போட்டிருக்கிறார்கள். அது வேறு உத்தி. வெயிலைத் திருப்பி அனுப்பிக் கல்லே அவ்வளவு சூடாகாமல் பார்த்துக்கொள்கிறது.

தீமிதியிலும் இந்த இயற்பியலுக்குப் பங்கு உண்டு. நம்பிக்கையைக் குறைத்துச் சொல்வதற்காக இதை எழுதவில்லை; பூக்குழியில் இறங்கும் துணிவை எந்தச் சமன்பாடும் கொடுத்துவிடாது. தணலின் சூடு பல நூறு டிகிரி. ஆனால் மரக்கரி இலேசானது, துளைகள் நிறைந்தது, வெப்பத்தை மந்தமாகக் கடத்துவது. மேலே சாம்பல் படலமும் இருக்கும். ஒவ்வோர் அடியிலும் பாதம் அதன்மேல் படும் நேரம் மிகக் குறைவு. அதற்குள் தோலில் இறங்கும் வெப்பம் பெரும்பாலும் கொப்புளம் போடும் அளவுக்குப் போவதில்லை. இடறி விழுந்தவர்களுக்கும் நடுவில் நின்றுவிட்டவர்களுக்கும்தான் ஆபத்து அதிகம். அதே சூட்டில் ஓர் இரும்புத் தகட்டை விரித்து வைத்தால் எவராலும் ஓரடிகூட எடுத்து வைக்க முடியாது.

இன்னொன்று கிணறு. மார்கழி விடியலில் கிணற்றுத் தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை மத்தியானத்தில் அதே கிணறு ஜில்லென்று இருக்கும். கிணற்றடியில் குளித்து வளர்ந்தவர்களுக்கு இது பழகிய சங்கதி. கிணறுதான் பருவத்துக்கு ஏற்ப மாறுகிறது என்று நினைத்துக்கொள்வோம். உண்மையில் சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் சூடு ஆண்டு முழுக்க அந்த ஊரின் சராசரி வெப்பநிலையை ஒட்டியே நிற்கிறது. அதனால் ஆழ்கிணற்றுத் தண்ணீரின் சூடு பெரிதாக ஏறுவதுமில்லை, இறங்குவதுமில்லை. மாறியிருப்பது நம் கைதான். மார்கழிக் குளிரில் கை விறைத்து, தோலின் சூடு தண்ணீரின் சூட்டைவிடக் கீழே போயிருக்கும். தண்ணீர் பட்டதும் வெப்பம் உள்ளே வரும். சித்திரையில் தோல் கொதித்துப் போயிருக்கும். வெப்பம் வெளியே ஓடும். ஆங்கிலத் தத்துவ அறிஞர் ஜான் லாக் 1690-இல் வெளியான நூலில் இதை எழுதியிருக்கிறார்: ஒரே தண்ணீர் ஒரு கைக்குச் சூடாகவும் மறு கைக்குக் குளிர்ச்சியாகவும் தோன்றலாம் என்று. சோதித்துப் பார்க்க மூன்று பாத்திரங்கள் போதும். ஒரு கையை ஐஸ் தண்ணீரிலும் மறு கையைப் பொறுக்கக்கூடிய வெந்நீரிலும் ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, இரண்டையும் ஒன்றாகப் பச்சைத் தண்ணீரில் விடுங்கள். ஒரே தண்ணீரைப் பற்றி இரண்டு கைகளும் இரண்டு விதமாகச் சாட்சி சொல்லும்.

சரி, தோலுக்குள் என்ன நடக்கிறது? 1880-களில் சுவீடனைச் சேர்ந்த மாக்னஸ் பிலிக்ஸ் தோலை அணு அணுவாகத் தொட்டுச் சோதித்து, சூட்டை உணரும் புள்ளிகளும் குளிரை உணரும் புள்ளிகளும் தனித்தனி என்று கண்டார். அவற்றில் குளிர்ப் புள்ளிகளே பல மடங்கு அதிகம். அவை தோலின் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கிட்டேயும் இருக்கின்றன. குளிர்ச் செய்தியைக் கொண்டுபோகும் நரம்பு இழைகள் பெரும்பாலும் உறை போட்டவை, வேகமானவை. இதமான சூட்டைச் சொல்லும் இழைகள் உறையில்லாதவை, நொடிக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் என்று நிதானமாகப் போகிறவை. குளிர் சுருக்கென்று தைப்பதும், சூடு மெதுவாகப் பரவுவதுபோல் இருப்பதும் இதனால்தான். தோசைக்கல்லில் விரல் பட்டுவிட்டால் கை வெடுக்கென்று பின்வாங்குகிறதே என்று கேட்கலாம். அது இந்தப் பாதையில் வரும் செய்தி இல்லை. வலிக்கென்று தனியாக வேகமான இழைகள் உண்டு, அவை முதலில் சுள்ளென்று தைக்கும். கையை எடுத்துக்கொண்ட பிறகுதான் மெதுவான இழைகள் வழியாக அந்த எரிச்சல் வந்து சேர்ந்து நெடுநேரம் நிற்கும்.

இந்த ஏற்பாட்டை ஏமாற்றவும் முடியும். ஒரு குளிர்ப் புள்ளியில் மட்டும் 45 டிகிரிச் சூடான நுனியை வைத்தால், அந்தப் புள்ளி "குளிர்" என்றே சொல்லும். அதற்கு வேறு பாஷை தெரியாது. மாக்ஸ் ஃபான் ஃப்ரே என்பவர் 1895-இல் இதைக் காட்டினார். மறு ஆண்டு சுவீடனின் தூன்பெரி இன்னும் விசித்திரமான ஒன்றைச் செய்தார். இளஞ்சூடான கம்பிகளையும் குளிர்ந்த கம்பிகளையும் மாற்றி மாற்றி அடுக்கி, மேலே கையை வைக்கச் சொன்னார். தனித்தனியே தொட்டால் எதுவும் சுடாது. மொத்தமாக வைத்தால் தீயில் வைத்ததுபோல் கை எரிந்தது. உணர்வு தோலில் முடிந்துவிடுவதில்லை, மேலே போய்க் கூட்டிக் கழிக்கப்படுகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

நரம்பு முனையில் சூட்டைக் கண்டுபிடிக்கும் பொருள் எது என்பதற்கு விடை மிளகாயிலிருந்து வந்தது. மிளகாயின் காரப்பொருளான கேப்சைசின் எந்தப் புரதத்தைத் தூண்டுகிறது என்று அமெரிக்காவில் டேவிட் ஜூலியஸின் ஆய்வுக் குழு தேடியது. 1997-இல் டிஆர்பிவி1 என்ற புரதத்தைப் பிடித்தார்கள். நரம்புச் செல்லின் சவ்வில் ஒரு கதவாக அது உட்கார்ந்திருக்கிறது. சுமார் 43 டிகிரிக்கு மேல் சூடு ஏறினால் கதவு திறக்கும், அயனிகள் உள்ளே பாயும், "சுடுகிறது" என்று செய்தி போகும். அதே கதவைக் கேப்சைசினும் திறந்துவிடுகிறது. ஆக, காரம் நாக்கில் எரிகிறது என்று நாம் சொல்வது வெறும் உவமை இல்லை. மூளைக்குப் போகும் செய்தி நிஜமாகவே "சூடு" என்பதுதான். போர்த்துகீசியர் வழியாக மிளகாய் இந்தியாவுக்கு வருமுன் நம் சமையலில் காரம் கொடுத்த மிளகும் இஞ்சியும் இதே கதவைத்தான் தட்டுகின்றன. பறவைகளிடம் உள்ள இந்தப் புரதம் சற்று வேறு மாதிரி, அதில் கேப்சைசின் ஒட்டாது. அதனால்தான் கிளி பச்சை மிளகாயைக் கொறித்துவிட்டு ஒன்றும் நடக்காததுபோல் உட்கார்ந்திருக்கிறது.

2002-இல் ஜூலியஸும் ஆர்டெம் படபூட்டியனும் தனித்தனியே குளிர்ச்சிக்கான கதவைக் கண்டுபிடித்தார்கள். அதற்குத் துணை போனது புதினாக் குடும்பத்து மெந்தால். டிஆர்பிஎம்8 என்று பெயர். சுமார் 26 டிகிரிக்குக் கீழே இறங்கும்போது திறப்பது. மெந்தால் பட்டால் சூடு குறையாமலே திறந்துகொள்ளும். தலைவலித் தைலம் தடவியதும் நெற்றி குளிர்கிறதே, அங்கே தோலின் சூடு குறைந்ததால் அல்ல. ஊட்டியில் வாங்கிவரும் நீலகிரித் தைலமும் இதே வேலையைச் செய்கிறது. ஜூலியஸ், படபூட்டியன் இருவருக்கும் 2021-ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

மெரினாவில் மிளகாய் பஜ்ஜி தின்ற கையோடு சூடாக டீ குடித்துப் பார்த்தவர்களுக்கு அடுத்த விஷயம் விளக்காமலே புரியும். காரம் பட்ட நாக்கில் அந்தக் கதவு ஏற்கெனவே பாதி திறந்து கிடக்கிறது. வழக்கமாகச் சுடாத டீகூட அப்போது சுட்டுவிடும். தண்ணீர் குடித்துப் பயனில்லை, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலிலோ தயிரிலோ உள்ள கேசின் புரதம் அதை ஒட்டி இழுத்துக்கொண்டு போகும். கார சாப்பாட்டுக்கு மேல் தயிர் சாதம் என்ற வரிசையைப் போட்டு வைத்தவருக்குக் கேசின் என்றால் என்னவென்று தெரிந்திருக்காது.

குளியலறைக்கு வருவோம். முதல் சொம்புதான் குளிரும் என்பது நாமெல்லோரும் குழந்தைகளுக்குச் சொல்லும் சமாதானம். அது பொய்யில்லை. குளிர் நரம்புகள் சூடு இறங்கிக்கொண்டிருக்கும்போதுதான் மிகப் பலமாகக் கத்தும். இறங்கி ஒரு நிலையில் நின்றுவிட்டால் அவற்றின் கத்தல் தணிந்துவிடும். இரண்டாவது சொம்பு விழும்போது தோல் ஏற்கெனவே குளிர்ந்திருப்பதால் மாற்றம் சிறியது. தோலின் சூடு ஏறத்தாழ 30 முதல் 36 டிகிரிக்குள் எங்கே நின்றாலும் கொஞ்ச நேரத்தில் பழகி, குளிர், சூடு இரண்டுமே தெரியாமல் போய்விடும். அந்த எல்லைக்கு வெளியே போனால் பழகுவது கிடையாது, உணர்வு நீடிக்கும்.

தெரியாமல் நாம் நம்பும் இன்னொரு புலன் ஈரம். மழைக்காலத்தில் கொடியில் கிடக்கும் வேட்டியைத் தொட்டு "காய்ந்துவிட்டதா?" என்று பார்க்கிறோம். மனிதத் தோலில் ஈரத்தை உணரும் நரம்பு என்று ஒன்று கிடையாது. பூச்சிகளுக்கு உண்டு, நமக்கு இல்லை. குளிர்ச்சியையும் துணி தோலில் ஒட்டி நழுவும் விதத்தையும் சேர்த்து மூளை "ஈரம்" என்று முடிவு கட்டுகிறது. அதனால் ஐப்பசி மாதத்துச் சாயங்காலத்தில் நன்றாகக் காய்ந்த துணியும் குளிர்ந்திருந்தால் ஈரம்போல் தோன்றும். இன்னும் ஒரு நாள் கொடியிலேயே கிடக்கட்டும் என்று விட்டுவிடுவோம். சந்தேகம் வந்தால் துணியைக் கையில் அரை நிமிஷம் பொத்தி வைத்துப் பாருங்கள். காய்ந்த துணி கைச்சூட்டுக்கு வந்துவிடும். ஈரத் துணி வராது, தண்ணீர் ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டே இருக்கும்.

இதுவரை சொன்னது தொடுவதைப் பற்றி. ஆனால் "இன்னிக்கு என்ன சூடு!" என்று நாம் அலுத்துக்கொள்வது எதையும் தொட்டு அல்ல. அது உடம்பு முழுவதன் வரவு செலவுக் கணக்கு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவரின் உடம்பு சுமார் 100 வாட் வெப்பத்தை உண்டாக்குகிறது. கல்யாண மண்டபத்தில் 500 பேர் பந்திக்குக் காத்திருந்தால் 50 கிலோவாட் ஹீட்டர் ஓடுகிறது என்று பொருள். மண்டபத்து ஏசி திணறுவதில் வியப்பில்லை. உண்டான வெப்பம் அத்தனையும் வெளியேறியாக வேண்டும். வெளியேறும் வழிகள் நான்கு: தொடும் பொருளுக்குக் கடத்துவது, மேலே படும் காற்றில் கொடுப்பது, சுவருக்கும் கூரைக்கும் கதிராக வீசுவது, வியர்வையை ஆவியாக்குவது. வெளிக்காற்று 35 டிகிரியைத் தாண்டியதும் முதல் மூன்றும் கைவிட்டுவிடும், சமயத்தில் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். மிச்சம் வியர்வை மட்டுமே.

ஒரு லிட்டர் வியர்வை முழுக்க ஆவியானால் சுமார் 2400 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துப்போகும். உட்கார்ந்திருக்கும் உடம்பு ஆறேழு மணி நேரத்தில் உண்டாக்கும் வெப்பம் அவ்வளவும் அதில் அடங்கிவிடும். "ஆவியானால்" என்ற சொல்லை மறந்துவிடக் கூடாது. வழிந்து சட்டையை நனைத்துத் தரையில் சொட்டும் வியர்வையால் தாகம்தான் மிச்சம்.

சென்னைக்காரர்களுக்கும் வேலூர்க்காரர்களுக்கும் ஓயாமல் நடக்கும் வழக்கை இங்கே தீர்க்கலாம். வேலூரில் 40 டிகிரி, காற்றில் ஈரப்பதம் 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். சென்னையில் 35 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம். செய்தியில் வேலூர்தான் தலைப்பு. ஆனால் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி, அதாவது ஆவியாதல் எவ்வளவு தூரம் குளிரவைக்க முடியும் என்று காட்டும் கருவி, வேலூரில் ஏறத்தாழ 26 காட்டும், சென்னையில் 30 காட்டும். ராபர்ட் ஸ்டெட்மன் 1979-இல் போட்ட கணக்கிலிருந்து வளர்ந்த "உணரும் வெப்பநிலை" அட்டவணைப்படி வேலூருக்கு 43 அளவிலும் சென்னைக்கு 50 அளவிலும் வரும். புழுக்கம் என்று சென்னைக்காரர் புலம்புவதில் நியாயம் இருக்கிறது. இந்திய வானிலைத் துறையும் 2023-இல் இருந்து இந்த வகைக் குறியீட்டைப் பரீட்சார்த்தமாக வெளியிடுகிறது. வெப்ப அலை என்று அறிவிக்கும் வரம்பு சமவெளிக்கு 40 டிகிரி என்றும் கடலோரத்துக்கு 37 என்றும் வேறாக வைத்திருப்பதும் இதை ஒட்டியதுதான். இருந்தாலும் டிவி செய்தியில் ஓடும் எண் இன்னும் வெறும் காற்றின் வெப்பநிலைதான், அதை மாற்ற ஏன் இவ்வளவு தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை.

இந்த ஈரத்துணி அளவு 35-ஐத் தொட்டால் மனித உடம்பு எந்த நிழலில் இருந்தாலும் வெப்பத்தை வெளியேற்ற முடியாது என்று 2010-இல் ஷெர்வுட், ஹியூபர் என்ற இருவர் எழுதினார்கள். பின்னர் அமெரிக்காவின் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் ஆரோக்கியமான இளைஞர்களை வைத்துச் சோதித்தபோது, ஈரமான வெப்பத்தில் 31 டிகிரிக்குக் கொஞ்சம் கீழேயே உடம்பு கைவிரிக்கத் தொடங்கியது. மேலே சொன்ன சென்னைக் கணக்கின் 30 அதற்கு எவ்வளவு கிட்டே இருக்கிறது என்று பாருங்கள்.

ஃபேன் காற்றைக் குளிரவைப்பதில்லை. ஆளில்லாத அறையில் அதை ஓடவிட்டால் மோட்டாரின் சூடுதான் சேரும். உடம்பை ஒட்டி நிற்கும் ஈரமான காற்றுப் படலத்தைத் தள்ளிவிட்டு வியர்வைக்கு வழிவிடுவதே அதன் வேலை. 35 டிகிரிக்கு மேல் ஃபேனால் பயனில்லை என்று ஓர் எச்சரிக்கை பல காலமாக உண்டு. சிட்னியில் 2019-இல் வெளியிட்ட ஆய்வு அதைத் திருத்தியது. 40 டிகிரி, 50 சதவீத ஈரப்பதத்தில் ஃபேன் உதவியது. 47 டிகிரி, 10 சதவீத ஈரப்பதத்தில் கெடுதல் செய்தது. வறண்ட காற்றில் வியர்வை தானாகவே காய்ந்துவிடுகிறது, ஃபேன் கூடுதலாகக் கொண்டுவருவது அனல் மட்டுமே. ஏர் கூலருக்கு இதற்கு நேர்மாறான விதி. வறண்ட ஊர்களில் அருமை, கடலோரத்தில் அறையைக் கசகசவென்று ஆக்கும். மண்பானைத் தண்ணீர் வேலூரில் குளிரும் அளவுக்குச் சென்னையில் குளிராததும் அப்படியே. வெயிலில் சூடாக டீ குடித்தால் உடம்பு குளிரும் என்று சொல்பவர்கள் உண்டு. வயிற்றில் இறங்கும் சூடு வியர்வையைக் கூட்டும், அது முழுக்கக் காய்ந்தால் கணக்கில் லாபம் என்று கனடாவில் செய்த ஆய்வும் சொல்கிறது. மே மாதத்து ராயப்பேட்டை டீக்கடையில் நின்றுகொண்டு அதை எதிர்பார்க்க வேண்டாம்.

நாம் அதிகம் கவனிக்காதது கதிர்வீச்சு. கான்கிரீட் கூரை பகல் வெயிலை விழுங்கி வைத்துக்கொண்டு, இரவு எட்டு ஒன்பது மணிக்கு உள்பக்கம் கக்கும். மேல்மாடிக் குடித்தனத்தில் படுத்தவர்களுக்குத் தெரியும்: சன்னலைத் திறந்தால் காற்று நன்றாகவே இருக்கும், ஆனால் கட்டிலில் படுத்தால் முகத்தில் மேலிருந்து ஏதோ அடிப்பதுபோல் இருக்கும். நாற்காலியில் ஏறிக் கூரைப் பக்கம் புறங்கையைக் காட்டினால் அந்த அனல் தனியாகவே புலப்படும். காற்றின் சூடும் சுற்றியுள்ள பரப்புகளின் சூடும் ஏறத்தாழச் சரிபாதியாகத்தான் நம் உணர்வில் சேர்கின்றன. காற்று 30, கூரையும் சுவர்களும் சராசரியாக 36 என்றால் உடம்புக்கு அது 33 டிகிரி அறை. ஏசியை 24-இல் வைத்தும் போதவில்லை என்று 20-க்கு இறக்குகிறவர்கள் பல சமயம் காற்றோடு அல்ல, கூரையோடுதான் மல்லுக்கட்டுகிறார்கள். மொட்டை மாடியில் சுண்ணாம்போ வெள்ளைப் பூச்சோ அடித்தால் மின் கட்டணம் குறைவதற்கு இதுதான் காரணம்.

எத்தனை டிகிரி இதம் என்பதற்கு உலகம் முழுக்க நெடுங்காலம் பயன்பட்டது டென்மார்க்கின் ஓலே ஃபாங்கர் 1970-இல் கொடுத்த சூத்திரம். டென்மார்க், அமெரிக்கக் கல்லூரி மாணவர்களை ஆய்வு அறையில் உட்காரவைத்துத் திரட்டிய தரவு அது. அலுவலகங்களில் ஏசிக்கு வைக்கும் அளவும் அந்த வழியில் வந்தது. கணக்கில் எடுத்துக்கொண்டது நடுவயது ஆணின் உடல் வெப்பத்தை, பெண்களின் உடம்பு அதைவிடக் குறைவாகவே வெப்பம் உண்டாக்குகிறது என்று 2015-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் காட்டினார்கள். அலுவலகத்தில் ஏசி ரிமோட்டுக்காக நடக்கும் சண்டையில் துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொள்பவர் வீண் பிடிவாதம் பிடிக்கவில்லை. அப்புறம், பழக்கம் என்றும் ஒன்று உண்டு. மார்கழி விடியலில் சென்னை 20 டிகிரிக்கு இறங்கினால் நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் குல்லாவும் மஃப்ளருமாக வருவார்கள். அதே 20 டிகிரியில் லண்டன்வாசி அரைக்கால் சட்டையோடு பூங்காவில் படுத்திருப்பார். ஆண்டு முழுக்க வெளிக்காற்று என்னவாக இருக்கிறதோ அதை ஒட்டி இதத்தின் எல்லையும் நகரும் என்று கண்டபிறகு, அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகம் இந்தியாவுக்கெனத் தனிக் கணக்கை உருவாக்கியது.

காய்ச்சலில் மட்டும் இந்தக் கணக்கு முழுக்கத் தலைகீழாகும். மூளையின் ஹைப்போதலாமஸ் "இனி 37 இல்லை, 39" என்று இலக்கை உயர்த்திவிடுகிறது. உடம்பு 38-இல் கொதித்தாலும் இலக்கைவிடக் குறைவு என்பதால் குளிர்கிறது. கைகால் சில்லிடும், பல் கிட்டும், இரண்டு போர்வை கேட்போம். தோலுக்கு ரத்தம் போவதை உடம்பு குறைத்துவிடுவதால் கையைத் தொட்டுப் பார்த்தால் ஏமாறலாம், நெற்றியோ கழுத்தோதான் நிஜம் சொல்லும். அந்த இலக்கை உயர்த்தும் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருளின் உற்பத்தியைப் பாராசிட்டமால் தடுக்கிறது. இலக்கு திரும்பவும் 37-க்கு வந்ததும், 39-இல் இருக்கும் உடம்புக்குத் திடீரென்று வெக்கையாகிவிடும், போர்வையை உதறும். "வேர்த்துவிட்டது, இனிக் காய்ச்சல் இறங்கிவிடும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது சரியான கவனிப்பு.

இவ்வளவு நேர்த்தியான உணர்வு மங்கும் இடங்களும் இருக்கின்றன. தொழுநோயில் முதலில் போகும் உணர்வுகளில் சூடும் குளிரும் உண்டு. தேமலில் வெந்நீர் நிரப்பிய சோதனைக் குழாயையும் குளிர்நீர் நிரப்பிய சோதனைக் குழாயையும் மாற்றி மாற்றி வைத்து மருத்துவர்கள் சோதிப்பார்கள். இன்று நம்மிடையே அதைவிடப் பரவலானது சர்க்கரை நோய். பல ஆண்டுகள் ஆனவர்களுக்குப் பாதத்தின் மெல்லிய நரம்புகள் கெட்டுப்போகும். பிரகாரத்தில் மற்றவர்கள் விரிப்பைத் தேடி ஓடும்போது இவர்கள் கல்லில் நிதானமாக நடந்துவிட்டு வருவார்கள், வீட்டுக்கு வந்து காலைக் கழுவும்போது கொப்புளம் தெரியும். கால் வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதிலும் இதே ஆபத்து. தண்ணீர்ச் சூட்டை அவர்களின் காலால் பார்க்கக் கூடாது, வேறொருவர் முழங்கையால் பார்க்க வேண்டும்.

முதுமையிலும் இது மங்குகிறது, வலியில்லாமல், யாருக்கும் தெரியாமல். வயதானவர்களின் தோல், முக்கியமாகப் பாதம், சூட்டு வேறுபாட்டைத் தாமதமாகவே உணரும். வியர்வை குறையும், தாகமும் குறையும். நீரைப் பிரிக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு உடம்பில் நீர் இன்னும் குறையும். அக்னி நட்சத்திரத்தில் சன்னலைச் சாத்திக்கொண்டு, கம்பளியை மடியில் போட்டு, ஃபேன் வேண்டாம் என்று சொல்லும் தாத்தா அடம் பிடிக்கவில்லை. அவருக்கு நிஜமாகவே சூடாக இல்லை. உள்சூடு 40-ஐத் தாண்டிப் பேச்சு குழறும்போதுதான் மற்றவர்களுக்குத் தெரியும், அது வெப்பவாதத்தின் (ஹீட் ஸ்ட்ரோக்) அறிகுறி, ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிட்டு வரும்வரை உடம்பில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டிருக்க வேண்டிய நேரம். எழுபது தாண்டியவர்கள் இருக்கும் வீட்டில், அவர்கள் படுக்கும் அறைச் சுவரில் வெப்பநிலையோடு ஈரப்பதத்தையும் காட்டும் சிறிய டிஜிட்டல் மானி ஒன்று மாட்டி வையுங்கள். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஃபேன் போடலாமா என்று அவரைக் கேட்பதற்கு முன் அதைப் பாருங்கள்.